மடல்: ‘அறிதிறன் கையிருப்பு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். மூளை சேதமானாலும் புத்தி தடுமாறாமல் சமாளிப்பதைக் ‘காக்னிடிவ் ரிசர்வ்’ (cognitive reserve) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். தம்பி ஒருவர் கேட்டிருந்தார்:

> அண்ணே, காக்னிடிவ் ரிசர்வுக்கு ‘அறிதிறன் கையிருப்பு’ என்றே வைத்துவிடலாமே. ரிசர்வ் என்றால் இருப்புதானே?

வங்கிக்குச் சரி, தம்பி. மூளைக்கு இடிக்கிறது. ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் அப்பத்தாவுக்கு வயது 86, பல வருடமாக ரத்த அழுத்தம். ஒருநாள் தலைசுற்றி விழுந்ததில் ஸ்கேன் எடுத்தோம். படம் முழுக்க வெள்ளைத் திட்டுகள். சின்ன ரத்தக்குழாய்கள் அடைத்து, வீட்டில் யாருக்கும் தெரியாமலே வந்துபோன பக்கவாதங்களின் தடம் என்றார் டாக்டர். படத்தைப் பார்த்தார், அப்பத்தாவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

மறுநாள் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து ஓலைக் கொட்டான் பின்னிக்கொண்டிருந்தவரைப் பார்க்க ஒருவர் வந்தார். வந்தவர் பெயர் அப்பத்தாவுக்கு நினைவுக்கு வரவில்லை. “நேமங்கோயில்… பள்ளத்தூர்ல பொண்ணெடுத்தவுக… அவுக அய்யா மலாயாவுல கடை வச்சிருந்தாக…” என்று கோயில், ஊர், சம்பந்தம் எல்லாம் சுற்றிவந்து பெயரைப் பிடித்துவிட்டார். முகப்பு அடைத்திருந்தால் பின்கட்டு வழியாக நுழைவதுபோலத்தான். நம் செட்டிநாட்டு வீடுகள் இரண்டு தெருவுக்கும் வாசல் வைத்தவை ஆயிற்றே.

கருத்தாக்கத்தின் உயிர் இந்தச் சுற்றுவழியில்தான் இருக்கிறது. 1988இல் நரம்பியல் மருத்துவர் ராபர்ட் கேட்ஸ்மன் குழு, இறந்த 137 முதியவர்களின் மூளையை ஆராய்ந்தது. சிலருக்கு அல்சைமர் சேதம் நிறைய. உயிரோடிருந்தபோதோ புத்தி தெளிவு. அவர்கள் மூளை எடையும் கூடுதல். அந்தக் கூடுதல் எடை வேண்டுமானால் இருப்பு. அதை ‘மூளை இருப்பு’ என்போம், ஊருணித் தண்ணீர்போல. ஆனால் நரம்பு உளவியலாளர் யாகோவ் ஸ்டெர்ன் 2002இல் பிரித்துக் காட்டியது வேறு: எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, இருப்பதை மூளை எப்படி மாற்றி ஓட்டுகிறது என்பது. படிப்பு, மூளைக்கு வேலை வைக்கும் தொழில் எல்லாம் இதை வளர்க்கின்றன. பள்ளிப் படிப்பு மட்டும்தான் என்றும் இல்லை. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழு 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டதில், இருமொழி பேசுவோருக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு பிந்தியே தலைகாட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது.

சேதம் நிற்கவில்லை; அதற்கு ஈடுகொடுக்கிறது மூளை. பார்த்தீர்களா, சொல் தானாகவே வந்து விழுகிறது! என் பரிந்துரை: அறிதிறன் ஈடு.

> ‘மீள்திறன்’ (resilience) என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே?

அது விழுந்தபின் எழுவது. இங்கே விழாமல் சமாளிப்பது. இரண்டும் இருக்கட்டும்.

‘ஈடு’ என்றால் நம் பக்கம் அடகுதான் முதலில் நினைவுக்கு வரும். லேவாதேவி செய்த ஊர், என்ன செய்வது? ஆனால் அதிலும் ஒரு பொருத்தம் உண்டு. ஈடு இருக்கும்வரை கடன்காரன் வாசலுக்கு வரமாட்டான். தீர்ந்தால் மொத்தமாக வருவான். நன்றாகப் படித்தவர்களுக்கு மறதிநோய் தாமதமாகத் தெரியவந்து, தெரிந்தபின் சரிவு வேகமாக இருப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

‘திறன்’ சேர்த்தால் ‘ஈட்டுத்திறன்’ ஆகிச் சம்பாதிக்கும் திறன்போலத் தொனிக்கிறது. ‘அறிவீடு’ என்று சுருக்கினால் ஏதோ அறிவு வீடு கட்டியதுபோல இருக்கிறது, வேண்டாம். பிரித்தே எழுதலாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.  

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து