மேனிம் ஸ்லைட்ஸ்: படத்தை எங்கே நிறுத்துவது? எல்லையோரப் பள்ளிகளில் பாடப் படம் ஓட்டுபவர்களின் அனுபவம்

(மேனிம் என்பது பைத்தான் நிரல் எழுதி அசைவுப் படம் உருவாக்கும் கருவி. மேனிம் ஸ்லைட்ஸ் அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்தி, ஸ்லைடு போல ஓட்ட உதவும்.)

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
இங்கே ஒரே வகுப்பில் தமிழிலும் மலையாளத்திலும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் செல்ஃப்.வெயிட்(5) என்று வினாடி எண்ணி நிறுத்துவது சரிப்படாது. ஒரு வகுப்புக்கு 5 வினாடி போதும், அடுத்த வகுப்புக்கு 2 நிமிடம் ஆகும். நிரலில் 'சீன்' என்ற தாய் கிளாஸை (பள்ளி வகுப்பு அல்ல, பைத்தான் class) 'ஸ்லைடு' என்று மாற்றுங்கள். நிற்க வேண்டிய இடத்தில் செல்ஃப்.நெக்ஸ்ட்_ஸ்லைடு() போடுங்கள். வலது அம்பு விசையைத் தட்டும்வரை படம் நகராது.

எங்கே போடுவது என்பதுதான் முக்கியம். பலர் ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு போட்டுவிடுகிறார்கள்; விசை தட்டியே கை ஓய்ந்துபோகும். விடை திரைக்கு வருவதற்கு முன்னால் போடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் பாடம் என்றால், மலைத்தொடரும் நடுவே உள்ள இடைவெளியும் வரைந்தாயிற்று, காற்று இன்னும் வரவில்லை. நிறுத்தம் அங்கே. "தென்மேற்குக் காற்று எந்த வழியாகப் பொள்ளாச்சிப் பக்கம் வரும்?" என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

செங்கோட்டையிலிருந்து:
கொழிஞ்சாம்பாறை சார் சொன்ன அதே கணவாய்ப் பாடத்தில், காற்று வந்த பிறகு படம் உறைந்து நிற்கக் கூடாது. நெக்ஸ்ட்_ஸ்லைடு(லூப்=ட்ரூ) போட்டால் அம்புகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வரி அசைவுக்கு முன்னால் வர வேண்டும். அசைவு முடிந்ததும் வெறும் நெக்ஸ்ட்_ஸ்லைடு(). பின்னால் போட்டால் அடுத்த காட்சிதான் சுற்றும். முதல் சட்டகமும் கடைசிச் சட்டகமும் ஒன்றாக இருக்கட்டும், அசைவின் வேகப் போக்கைச் சொல்லும் ரேட்_ஃபங்க் லீனியர் (ஒரே சீரான வேகம்) ஆகட்டும். இயல்பாக இருக்கும் 'ஸ்மூத்' தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தைக் குறைக்கும், ஒவ்வொரு சுற்றிலும் காற்று திக்கித் திக்கி வீசுகிற மாதிரி தெரியும்.

நகரியிலிருந்து:
நிறுத்தத்தில் வட்டம் முழுசாக மூடாமல், நூல் அளவு இடைவெளியோடு நிற்கிறதா? அடுத்த அசைவு தொடங்கும்போதுதான் முந்தையது முழுமையாக முடிகிறது, அதனால் வருவது அது. காட்சியை எழுதும் கன்ஸ்ட்ரக்ட் என்ற செயற்கூறின் தொடக்கத்திலேயே செல்ஃப்.வெயிட்_டைம்_பிட்வீன்_ஸ்லைட்ஸ் = 0.1 என்று வையுங்கள், சரியாகிவிடும்.

தமிழ் எழுத்துக்கு மேனிமில் உள்ள டெக்ஸ்ட் என்ற கிளாஸ்தான், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவோடு. ஒரு சொல்லுக்கு மட்டும் நிறம் மாற்ற எத்தனையாவது எழுத்து என்ற எண்ணை நம்பாதீர்கள். 'கொ' திரையில் இரண்டு மூன்று உருவாகப் பிரியும், எண்ணிக்கை தவறும். அந்தச் சொல்லைத் தனி டெக்ஸ்ட் ஆக்கிப் பக்கத்தில் அடுக்கிவிடுங்கள்.

எச்டிஎம்எல்லாக மாற்றிப் பென்டிரைவில் எடுத்துப் போகிறவர்கள் கூடவே உருவாகும் அசெட்ஸ் கோப்புறையையும் நகலெடுங்கள், வீடியோக்கள் அதில்தான் இருக்கின்றன. பள்ளியில் நெட் இல்லை என்றால் கன்வெர்ட் கட்டளையில் ஆஃப்லைன் விருப்பத்தையும் சேருங்கள்.