88×31 பட்டனுக்குள் ‘கிருஷ்ணகிரி’ அடங்குமா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
எங்கள் மாங்கூழ் விற்பனைத் தளத்துக்கு நண்பர்கள் தங்கள் தளங்களில் வைத்து இணைப்புக் கொடுப்பதற்காக 88×31 பிக்சல் அளவில் ஒரு பட்டன் செய்கிறேன். மாம்பழப் படத்துடன் ஊர்ப்பெயரையும் வைத்தால் எழுத்துகள் அப்பிக்கொள்கின்றன. என்ன செய்யலாம்?

மறுமொழி (தருமபுரி):
1990களில் நெட்ஸ்கேப் உலாவியின் பட்டன்களோடு பரவிய அளவு அது. மற்றப் பட்டன்களோடு வரிசையில் நிற்க வேண்டுமானால் அதை மாற்றாதீர்கள். ‘கிரு’வில் மேலே வளையும் கோட்டுக்கும் கீழே இறங்கும் கோட்டுக்கும் இடம் வேண்டும் என்பதால், படத்தை நீக்கிவிட்டு, பெயரை மட்டும் கையால் பிக்சல் பிக்சலாக வரையுங்கள். எழுத்துருவை நம்பினால் ‘ஷ்’ஷின் புள்ளி காணாமல் போய்விடும்!

மறுமொழி (ஓசூர்):
ஜேபெக் (JPEG) படவடிவில் சேமித்தால் எழுத்தோரம் கலங்கும்; ஜிஃப் (GIF) போதும், அதன் 256 நிறங்களே இதற்குத் தாராளம். மாம்பழத்தை விட மனமில்லையென்றால், அதை அசையும் ஜிஃபின் இரண்டாவது சட்டகமாக, கண்ணை உறுத்தாத வேகத்தில் மாறி மாறி வரச் செய்யலாம்.