ஃபண்டமென்டல் ஃப்ரீக்வென்சி: மூலமா, ஆதாரமா, அடியா?

அனைவருக்கும் வணக்கம். நம் மென்பொருளின் தமிழாக்கத்தில் 'ஃபண்டமென்டல் ஃப்ரீக்வென்சி'க்கு என்ன சொல் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஓர் ஒலியில் உள்ள மற்ற அதிர்வெண்கள் எந்த அதிர்வெண்ணின் மடங்குகளாக அமைகின்றனவோ, அதுதான் ஃபண்டமென்டல். உங்கள் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில்:

> எல்லா இடத்திலும் 'அடிப்படை' என்றே போட்டால் பேசிக்குக்கும் ஃபண்டமென்டலுக்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் உண்டு; எல்லா இடத்திலும் அதைக் காட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. அரசியலமைப்பின் மூன்றாம் பகுதியில் இருப்பவை அடிப்படை உரிமைகள். 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பு சொன்னது அடிப்படைக் கட்டமைப்பு. ஆங்கிலத்தில் முன்னது ஃபண்டமென்டல், பின்னது பேசிக். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், வேலை நடக்கிறது. வேதியியலில் மட்டும் கவனம் வேண்டும்: அங்கே பேசிக் என்றால் காரத்தன்மை உடையது.

> 'மூல அதிர்வெண்' எப்படி?

மூலப்பொருள், மூலநிரல் என்று பழகிவிட்டோம். 'மூல' என்றதும் 'இன்னும் பதப்படுத்தாதது' என்றே தோன்றும். (அந்த நோயின் பெயரும் நினைவுக்கு வரும், விடுங்கள்.)

'ஆதார அதிர்வெண்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இசைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சட்ஜமம் 200 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பாடகர் பஞ்சமத்தைப் பிடிக்கிறார். அந்தக் குரலின் ஃபண்டமென்டல் 300. அதற்கு மேல் 600, 900 என்று அதன் மடங்குகளான சீரிசைகள் (ஹார்மோனிக்ஸ்). தம்புராவின் ஆதார சுருதியோ 200-ஐ விட்டு நகரவே இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படிச் சரியாகும்?

'கீழ் அதிர்வெண்' என்பதும் உதவாது. பழைய தொலைபேசி ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். பேசும் ஆண்குரலின் ஃபண்டமென்டல் பெரும்பாலும் 200-க்கும் கீழே. அது மறுமுனைக்குப் போய்ச் சேருவதே இல்லை. ஆனாலும் சீரிசைகளுக்கு நடுவே உள்ள சம இடைவெளியை வைத்துக் காது சுருதியைப் பிடித்துவிடுகிறது. அங்கே காதில் விழுவதில் ஆகக் கீழானது ஃபண்டமென்டல் அல்ல.

ஆகவே கையேட்டில் 'அடிப்படை அதிர்வெண்' என்றே வைப்போம்; மாணவர்கள் பாடநூலில் பார்த்த சொல். பொத்தானில் இடம் போதாது, அங்கே 'அடியதிர்வெண்' போதும்.

அப்புறம், உதவிப் பக்கத்தில் 'அடிப்படையான மாற்றம் ஏற்பட்டுள்ளது' என்றிருந்ததை 'அடியோடு மாறிவிட்டது' என்று திருத்தியிருக்கிறேன். ஆங்கிலத்தில் பெயரடை என்பதற்காகத் தமிழிலும் பெயரடையே வேண்டுமா என்ன?

மேற்சுரம் (ஓவர்டோன்), சீரிசை இரண்டையும் தனி இழையில் பேசலாம். சீரிசையை ஃபண்டமென்டலிலிருந்தே எண்ணுவோம், மேற்சுரத்தை அதற்கு அடுத்ததிலிருந்து. அதனால் முதல் மேற்சுரம்தான் இரண்டாம் சீரிசை. அட்டவணையில் எண்கள் இடிக்கும்.