அப்புத்தளை அடிசம் பங்களாவுக்குப் போன அனுபவம்

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய பங்களாக்கள் பற்றிப் பேச்சு வந்ததால் அடிசம் பங்களாவைப் பற்றி எழுதுகிறேன். அப்புத்தளை டவுனிலிருந்து 3 கிலோமீட்டர்தான், ஆட்டோ கிடைக்கும், ஆனால் தேயிலை மலைகளுக்கு நடுவே நடந்து போங்கள், அந்த வீடு எப்படிப்பட்ட இடம் பார்த்துக் கட்டப்பட்டது என்று அப்போதுதான் விளங்கும்.

கட்டியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ். இங்கிலாந்தில் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரன். 1887இல் இலங்கைக்கு வந்து, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையாகத் தொடங்கி, பிறகு கொழும்பில் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவராக உயர்ந்தவர். 1931இல் வீடு எழும்பியது. கென்ட்டில் தான் பிறந்த கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார். வழக்கமான துரை பங்களா என்றால் தகரக் கூரை, அகலமான விறாந்தை, ஒரே தளம். இது அப்படி இல்லை. கருங்கல் சுவர், நீண்ட புகைபோக்கிகள், சின்னச் சின்னக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள், டியூடர் காலத்து ஆங்கிலேய மாளிகை மாதிரி. உள்ளே பர்மா தேக்கு. அந்த மர வேலையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், அவ்வளவு அழகு.

1960களில் பெனடிக்ட் சபை கத்தோலிக்கத் துறவிகள் கைக்கு வந்து இப்போது மடமாக இருக்கிறது. வரவேற்பறையும் நூலகமும்தான் பார்க்கலாம். துறவிகள் செய்கிற ஜாம் வாங்காமல் வராதீர்கள்.

—

அக்கா, நீங்கள் மேலே எழுதியதைப் படித்தேன். அடிசம் பங்களாவுக்கு நானும் போயிருக்கிறேன், அம்மாயியையும் (அம்மாவின் அம்மா) கூட்டிக்கொண்டு. ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். அம்மாயி பிறந்தது லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒரு அறையில், ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி, அதற்குள்தான் அடுப்பு, படுக்கை, பிள்ளைகள் எல்லாம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லயங்களில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். நூலகத்தைப் பார்த்துவிட்டு அம்மாயி கேட்டது ஒன்றுதான்: "இதுல எத்தனை பேரு இருந்தாங்க?" தேயிலையில் வந்த பணம் ஒரு பக்கம் இப்படி மாளிகையாக எழும்பியது, இன்னொரு பக்கம் கொழுந்து பறித்தவர்களின் குடியுரிமையே 1948 குடியுரிமைச் சட்டத்தோடு போய்விட்டது. பங்களாவின் வரலாறு சொல்லும்போது லயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் திரும்பும் வழியில் ஏதாவது ஒரு தோட்டத்தில் இறங்கி, அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு, லயத்தையும் காட்டுங்கள்.