சாஃப்ட்னர் தொட்டியில் உப்பு குறையவே இல்லை

கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னருக்கு ரெசின் (தண்ணீரின் கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) மாற்றச் சொல்லிவிட்டார்களா? பணம் கட்டுவதற்கு முன் உப்புத் தொட்டிக்குள் ஒரு கம்பை விட்டுப் பாருங்கள்.

மேடவாக்கம் பக்கம் தனி வீடு எங்களுடையது. போர் தண்ணீர்தான். போன மார்கழியில் குழாய் முனைகளில் மறுபடி வெள்ளை படிந்தது, துவரம்பருப்பு வேக இரண்டு விசில் கூடுதலாக விட வேண்டியிருந்தது. கடினத்தன்மை பார்க்கும் டெஸ்ட் கிட்டில் (சொட்டு கூடினால் கடினம் கூடுதல்) பார்த்தால் சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் ஒரே கணக்கு. 18 சொட்டு விட்ட பிறகுதான் சிவப்பு நீலமானது. சர்வீசுக்கு வந்தவர் மூடியைத் திறந்து, "உப்பு நிறைய இருக்கே சார், ரெசின்தான் போச்சு" என்றார்.

அவர் போன பிறகு என் மனைவி கேட்டாள்: "உப்பு கொட்டி ரெண்டு மாசமாச்சே, ஏன் குறையல?"

அப்போதுதான் கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 350 கிராம் உப்பு கரையும். எங்கள் தொட்டியில் ஒவ்வொரு ரீஜெனரேஷனுக்கும் (உப்புநீர் விட்டு ரெசினைப் புதுப்பிப்பது) 8 லிட்டர் ஏறும், நாலு நாளைக்கு ஒரு தடவை. இரண்டு மாதத்தில் 40 கிலோ போயிருக்க வேண்டும்.

ஒட்டடைக் கம்பை மெல்ல இறக்கினேன். ஒரு சாண் ஆழத்தில் 'டொக்'. தொட்டியின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நாலு விரல் கனத்துக்கு உப்பு பாறையாக இறுகியிருந்தது. அதன் கீழே வெற்றிடம், அதற்கும் கீழே தண்ணீர். உப்பும் தண்ணீரும் தொட்டுக்கொள்ளவே இல்லை. ரெசினுக்குப் போனதெல்லாம் வெறும் தண்ணீர்.

கடப்பாரை, இரும்புக் கம்பி வேண்டாம், பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டுவிடும். ஓரங்களில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மரக் கம்பால் தட்டித் தட்டி உடைத்தேன். அடியில் இட்லி மாவு பதத்தில் சாம்பல் நிறச் சேறு, மக்கால் அள்ளி அள்ளி மூன்று பக்கெட். அழுக்குக் கல் உப்பை விளிம்பு வரை கொட்டி வைத்தது என் தவறு. இப்போது சுத்தமான உப்பு, அதுவும் பாதித் தொட்டிதான். வால்வில் உப்புநீரை உறிஞ்சும் இன்ஜெக்டரின் சல்லடையையும் கழற்றிக் கழுவினேன். தண்ணீர் விட்டு மூன்று மணி நேரம் உப்பு கரைய விட்டு, கையால் ரீஜெனரேஷன் ஓட்டினேன். மறுநாள் இரண்டே சொட்டில் நீலம். ரெசின் பழையதேதான்.

பதில்: எங்கள் வீட்டில் நேர்மாறாக நடந்தது சார். தொட்டி நிரம்பித் தரையெல்லாம் உப்புத் தண்ணீர். மிதவை உப்பு ஏறிச் சிக்கியிருந்தது, வெந்நீரில் கழுவியதும் சரியானது. ஆனாலும் தொட்டித் தண்ணீர் இறங்கவில்லை. உப்புநீர்க் குழாய் வால்வில் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல், அதன் வழியே காற்றைத்தான் இழுத்திருக்கிறது. அரை அடிக் குழாய் மாற்றியதோடு முடிந்தது.

இன்னொன்று, அள்ளிய சேற்றைத் தோட்டத்தில் கொட்டிவிடாதீர்கள். நான்கு வருடம் வளர்த்த எங்கள் கறிவேப்பிலை மரம் அப்படித்தான் கருகியது.