கச்சேரி உரிம விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன: எதை நம்பிப் பின்தொடர்வது?

திண்டுக்கல் கீபோர்டு:

அனைவருக்கும் வணக்கம். இருபது ஆண்டுகளாக மெல்லிசைக் குழு நடத்தி வருகிறேன். கோயில் திருவிழா, திருமண வரவேற்பு, கல்லூரி ஆண்டு விழா ஆகிய மூன்றை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. முன்பெல்லாம் வெற்றிலை பாக்கோடு முன்பணத்தை வாங்கிக்கொண்டால் பேச்சு முடிந்துவிடும். சென்ற மாதம் ஒரு தங்கும் விடுதியில் நடந்த வரவேற்புக்குச் சென்று ஒலிபெருக்கிகளை எல்லாம் இறக்கி வைத்த பிறகு, பாடல்களுக்கான உரிமச் சான்றைக் காட்டினால்தான் மின் இணைப்புத் தருவோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மணமகனின் தந்தை என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, யார் யாரோ தொலைபேசியில் பேசி முடித்துக் கச்சேரி தொடங்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

திருமணத்துக்கு உரிமம் தேவையில்லை என்று ஒருவர் செய்தித்தாள் நறுக்கைக் காட்டுகிறார். தேவை என்று இன்னொருவர் வேறொரு நறுக்கைக் காட்டுகிறார். இரண்டுமே அண்மைக் காலத்தவை. எங்களைப் போன்ற சிறிய குழுக்கள் இந்த மாற்றங்களை எங்கே, எப்படிக் கவனித்து வருவது?

வழக்குமன்ற வாசகன்:

ஐயா, இரண்டு நறுக்குகளும் உண்மையாகவே இருக்கலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, மதச் சடங்குகளிலும், திருமண ஊர்வலத்திலும், திருமணத்தை ஒட்டிய சமூகக் கொண்டாட்டங்களிலும் இசை நிகழ்த்துவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. இதை நினைவூட்டி மத்திய அரசு 2023 ஜூலையில் ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. அதைத் தொடர்ந்து கோவா அரசு 2024 தொடக்கத்தில் அதே பொருளில் ஒரு சுற்றறிக்கை விட, மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு அதே ஆண்டு ஆகஸ்டில் அதை ரத்து செய்தது. ரத்தானது சுற்றறிக்கைதான், சட்டத்திலுள்ள விலக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் தலைப்பை மட்டும் படிப்பவருக்குத் திருமண விலக்கே போய்விட்டதாகத் தோன்றும். (நம் நாளிதழ்கள் பல, பதிப்புரிமையையும் கண்டுபிடிப்புகளுக்கான உரிமையையும் ஒரே போலக் 'காப்புரிமை' என்று எழுதுவது குழப்பத்தைக் கூட்டுகிறது.)

ஒரு பாட்டில் இரண்டு அடுக்கு உரிமைகள் இருப்பதைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும். வரிகளும் மெட்டும் ஓர் அடுக்கு. பதிவு செய்யப்பட்ட ஒலி இன்னோர் அடுக்கு. பாடலாசிரியர், இசையமைப்பாளர், இசை வெளியீட்டாளர் ஆகியோருக்காக உரிமத்தொகை வசூலிப்பது 1969-இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். ஒலிப்பதிவு நிறுவனங்களுக்காக உரிமம் வழங்குபவை பி.பி.எல்., நோவெக்ஸ் போன்ற வேறு அமைப்புகள். நீங்கள் பாடகரையும் வாத்தியக்காரர்களையும் வைத்து நேரடியாக வாசிக்கும்போது முதல் அடுக்கு மட்டுமே எழுகிறது. இடைவேளையில் அசல் பாட்டை ஒலிக்கவிட்டால் இரண்டாம் அடுக்கும் சேர்ந்துகொள்கிறது.

முதல் அடுக்கில் பெரிய மாற்றம் வந்தது 2012-இல். அதற்கு முன், 1977-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நிழலில், படத்துக்காக எழுதிய பாட்டின் உரிமையெல்லாம் பெரும்பாலும் தயாரிப்பாளரிடமே போய்ச் சேர்ந்தது. 2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் சம பங்கு உரிமத்தொகை பெறுவதை உறுதி செய்ததோடு, வாரிசுகளுக்கோ, படைப்பாளிகளுக்காகத் தொகை வசூலிக்க அரசிடம் பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் அதை எழுதிக்கொடுக்க முடியாதபடியும் செய்தது. 2017-இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வழக்கறிஞர் அறிவிப்பு சென்றபோதுதான் நம் ஊரில் பலர் மேடைக் கச்சேரிக்கும் உரிமம் உண்டென்பதையே கேள்விப்பட்டார்கள்.

இரண்டாம் அடுக்கில்தான் இன்னும் நிலம் உறுதிப்படவில்லை. பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கமாக இல்லாத நிறுவனம் உரிமம் வழங்கும் தொழிலை நடத்த முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் நோவெக்ஸ் வழக்கில் சொன்னது. மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 ஏப்ரலில் பி.பி.எல். வழக்கில் சென்னையின் பக்கம் சாய்ந்தது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவின் ஒரு பகுதிக்கு இடைக்காலத் தடை விதித்தது. எனவே ஒரு செய்தியைப் பார்த்ததும் எந்த அடுக்கு, எந்த நீதிமன்றம், மேல்முறையீடு நடக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இறுதிப் பத்திகளை மட்டும் படித்தாலே போதுமான தெளிவு கிடைக்கும்.

பந்தல்கால்:

நான் சென்னையில் நிகழ்ச்சி அமைப்பாளன். மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் விலக்கு இருக்கிறதென்று நம்பி மேடையேறுவது எல்லா இடத்திலும் பலிக்காது. கோயில் திருவிழாவில் இரவு நடக்கும் திரையிசைக் கச்சேரி சடங்கின் பகுதியா, சடங்கு முடிந்த பின் வரும் கேளிக்கையா என்பது வாதத்துக்கு உரியது. கல்லூரி விழாவுக்கான விலக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் தாங்களே நிகழ்த்துவதற்குத்தான். கூலிக்கு வரும் குழுவுக்கு அது பொருந்தாது.

உரிமத்தை விழா நடத்துபவரே பெற வேண்டும் என்பதை முன்பணம் வாங்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். விடுதி என்றால் அதன் மேலாளரிடமும் அன்றே கேட்டுவிடுங்கள். ஒலிபெருக்கியை இறக்கிய பிறகு கேட்பவனுக்குப் பேரம் பேசும் வலிமை இராது.

வரியையும் கவனியுங்கள். நாட்டுப்புற அல்லது செவ்வியல் கலை நிகழ்த்தும் கலைஞருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரையிலான ஊதியத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. நாதசுவரக்காரருக்குக் கிடைக்கும் அந்தச் சலுகை, அதே பந்தலில் திரைப்பாடல் வாசிக்கும் உங்களுக்குக் கிடையாது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பது ஆறுதல். நுழைவுச்சீட்டு வைத்து நடத்தினால், தலைக்கு 500 ரூபாய்க்கு மேற்படாத சீட்டுக்கு வரி இல்லை. சிறிய அரங்குகளில் 499 ரூபாய்ச் சீட்டுகள் அடிக்கடி கண்ணில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

திண்டுக்கல் கீபோர்டு:

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருக்கிறது. இப்போது பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்குக் கட்டுப்படியாகாததால், வயலின், புல்லாங்குழல் பகுதிகளை மைனஸ் டிராக்கில் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசைப் பதிவில்) ஒலிக்கவிட்டு, கீபோர்டும் ரிதம் பேடும் மட்டும் நேரடியாக வாசிக்கிறோம். இது எந்த அடுக்கு?

வழக்குமன்ற வாசகன்:

அந்த டிராக் யார் உருவாக்கியது என்பதைப் பொறுத்தது, ஐயா. இசை நிறுவனம் வெளியிட்ட அசல் பதிவிலிருந்து குரலை நீக்கி எடுத்ததென்றால், ஒலிப்பதிவு அடுக்கும் வந்து சேரும். உங்கள் குழுவினரே வாசித்துப் பதிவு செய்ததென்றால் அசல் ஒலிப்பதிவின் உரிமை அதில் வராது. ஆனால் பிறர் பாட்டைப் பதிவு செய்வதற்கே தனி அனுமதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். கடையில் நூற்றுக்கணக்கில் டிராக்குகளை நிரப்பித் தரும் பென் டிரைவைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அடுத்த விடுதி மேலாளர் கேட்பதற்கு முன் அதை மாற்றிவிடுவது நல்லது.