எஞ்சினை இறக்கினால் முதல் செலவு டர்போவுக்கா?

வெள்ளோட்டம்:
"எஞ்சினை இறக்கிவிட்டால் பெரிய டர்போவைப் போடு, பம்பில் டீசலை ஏற்று, ஒழுகாத பின்பக்க ஆயில் சீலுக்குக் காசைக் கரைக்காதே" என்று பத்துச்சக்கரம் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. என் டாடா 2515 லாரியின் கம்மின்ஸ் 6பிடி எஞ்சின் இப்போது செயின் பிளாக்கில் தொங்குகிறது. நான் மாற்றப்போவது கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் (எஞ்சின் எண்ணெய் கிளட்ச் பக்கம் ஒழுகாமல் தடுக்கும் வளையம்), கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஸ்பிகாட் பேரிங், பின்பக்கக் கோர் பிளக்குகள், மவுண்டிங் ரப்பர். ஃபிளைவீலையும் லேத்துக்கு அனுப்பியாச்சு. டேப்பெட் கவர் கேஸ்கெட்டும் உண்டு. அது ஃபியூயல் பம்புக்குப் பின்னால் இருக்கிறது, எஞ்சின் வண்டியில் இருந்தால் கை போகாது. சீலின் விலை என்ன, அதற்காக மறுபடி கியர்பாக்ஸ் இறக்கும் கூலி என்ன? நல்லா எண்ணெய் தடவி அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பத்துச்சக்கரம்:
நீங்கள் எழுதியது எல்லாம் ரிப்பேர். தலைப்பு அப்கிரேட். தொப்பூர் ஏற்றத்தில் லோடோடு போகும்போது ஸ்பிகாட் பேரிங் வந்து தள்ளாது, டர்போதான் தள்ளும்.

ரிக்வண்டி_திருச்செங்கோடு:
டர்போவை மாற்ற எஞ்சினை எதற்கு இறக்க வேண்டும்? நாலு நட்டு, ஆயில் லைன், ஹோஸ். வண்டியிலேயே மாற்றலாம். பம்பை ஏற்றினால் புகையும் சூடும் ஏறும், பிஸ்டன்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். அதை விடுங்கள். வெள்ளோட்டம் தம்பி, சீலுக்கு எண்ணெய் தடவாதே. இந்த எஞ்சினின் சீலில் லிப், அதாவது கிராங்கைத் தொடும் உள்விளிம்பு, டெஃப்லான். கிராங்கும் காய்ந்திருக்க வேண்டும், லிப்பும் காய்ந்திருக்க வேண்டும். துடைத்துப் போடு.

சங்ககிரி ஸ்பேனர்:
30 வருஷமாகச் சீல் அடிக்கிறேன். எண்ணெய் தடவாமல் ஒரு சீல்கூட அடித்ததில்லை. காய்ந்த லிப் முதல் ஸ்டார்ட்டிலேயே கருகிவிடும். கம்ப்ரஸர் ஓட்டுகிறவர்கள் லாரி எஞ்சினுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ரிக்வண்டி_திருச்செங்கோடு:
எங்கள் போர்வெல் ரிக்கில் இரண்டு எஞ்சின், ஸ்பேனர் அண்ணா. ஒன்று வண்டியை ஓட்டும், இன்னொன்று கம்ப்ரஸரை ஓட்டும். உங்களைவிட ஒரு எஞ்சின் கூடுதலாகவே பார்க்கிறோம். நீங்கள் சொல்வது உள்ளே ஸ்பிரிங் வைத்த கறுப்பு ரப்பர் சீல். அதற்கு எண்ணெய் வேண்டும், யார் இல்லை என்றது? டெஃப்லான் லிப் ஓடும்போது தன்னிலிருந்து மெல்லிய படலத்தைக் கிராங்கின் மேல் படியவிடும். அந்தப் படலம்தான் எண்ணெயைத் தடுக்கிறது. முதலிலேயே எண்ணெய் இருந்தால் படலம் பிடிக்காது, ஒழுகும். துடைத்துப் போடு.

சங்ககிரி ஸ்பேனர்:
படலமாம். எண்ணெய்க்கு நடுவே கிடக்கப்போகும் சீலுக்கு எண்ணெய் ஆகாதாம்.

மலைப்பாதை:
பொதுவாக ஒன்று. கிராங்கில் பழைய சீல் உரசின வரியை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் எந்தச் சீலும் நிற்காது. கிராங்கின் மேல் ஸ்லீவ் (மெல்லிய உறை) போடணும், இல்லை சீலைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைக்கணும்.

ரிக்வண்டி_திருச்செங்கோடு:
சரி, அதுவும் பார்க்கட்டும். ஸ்லீவ் போட்டாலும் துடைத்துத்தான் சீல். அப்புறம் முன்பக்கம் டைமிங் கேஸில் (டைமிங் கியர்கள் இருக்கும் பெட்டி) ஒரு டவல் பின், அதாவது கேஸைச் சரியான இடத்தில் நிறுத்தும் சின்ன இரும்பு முளை, இருக்கிறது. அதிர்ந்து அதிர்ந்து வெளியே வந்தால் கியருக்குள் விழும், டைமிங் கேஸே உடையும். அமெரிக்காவில் 1989 முதல் டாட்ஜ் பிக்கப்பில் வந்ததும் இதே 5.9 லிட்டர் எஞ்சின்தான். அங்கே இதைக் 'கொலைகார டவல் பின்' என்றே சொல்கிறார்கள். சின்னத் தகடு ஒன்றைப் போல்ட்டில் மாட்டினால் பின் நகராது. அதற்காக முன் கவரைக் கழற்றினால் முன் சீலும் மாற்ற வேண்டும். அதையும் எண்ணெய் இல்லாமல் காய்ந்தபடிதான் போட வேண்டும்.

பத்துச்சக்கரம்:
நாங்கள் ஓட்டுவது லாரி, பிக்கப் இல்லை. அந்த வேலைக்கும் எஞ்சினை இறக்கத் தேவையில்லை, ரேடியேட்டரையும் ஃபேனையும் கழற்றினால் போதும். டர்போவுக்கு ஒரு நியாயம், உங்கள் பின்னுக்கு ஒரு நியாயமா?

ரிக்வண்டி_திருச்செங்கோடு:
டவல் பின் விழுந்தால் எஞ்சின் போகும். பெரிய டர்போ இல்லாவிட்டால் தொப்பூருக்குப் பத்து நிமிஷம் லேட்டாகப் போவீர்கள். இரண்டும் ஒன்றா?

சங்ககிரி ஸ்பேனர்:
போன மாதம் முன் சக்கரத்துக்கு ரீட்ரெட் டயர் போதும் என்று வாதாடிய ஆள்தானே இவர்? அன்றைக்கும் இப்படித்தான் பத்துப் பதிவு போட்டார்.

ரிக்வண்டி_திருச்செங்கோடு:
பின் சக்கரத்துக்கு என்றுதான் எழுதினேன். திரும்பப் போய்ப் படியுங்கள். டயரை இழுத்தால் சீல் ஈரமாகிவிடாது. நானும் ஒரு காலத்தில் உங்கள் பேச்சைத்தான் நம்பினேன். மத்தியப் பிரதேசத்தில் ரிக் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பட்டறையில் சீலுக்குக் கிரீஸே அப்பி அடித்தார்கள். மூன்றாவது போர்வெல்லிலேயே ஃபிளைவீல் ஹவுசிங்கில் எண்ணெய், கிளட்ச் பிளேட் ஊறி நழுவ ஆரம்பித்தது. ஊரைவிட்டு அவ்வளவு தூரத்தில் கியர்பாக்ஸை மறுபடி இறக்கினேன். துடைத்துப் போட்ட சீல் இன்று வரை நிற்கிறது.

சங்ககிரி ஸ்பேனர்:
அது உங்கள் கிராங்கில் பள்ளம். எண்ணெய்மேல் பழி போடாதீர்கள்.

ரிக்வண்டி_திருச்செங்கோடு:
அதே கிராங்க், ஸ்லீவ் இல்லை. இரண்டாவது சீல் மட்டும் எப்படி நின்றது?

சங்ககிரி ஸ்பேனர்:
உங்கள் நேரம்.

மலைப்பாதை:
எந்தக் கம்பெனிச் சீல் என்று முதலில் கேளுங்களேன். கடையில் இரண்டு வகையும் விற்கிறார்கள்.

பத்துச்சக்கரம்:
மூன்று நாளாக ஒரு சீலைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் பற்றி ஒருவராவது பேசினீர்களா?

வெள்ளோட்டம்:
நாளைக் காலையில் சீல் போடுகிறார்கள். பெட்டிக்குள் சீலோடு ஒரு பிளாஸ்டிக் வளையமும் இருக்கிறது. எதற்கு அது?

சங்ககிரி ஸ்பேனர்:
பேக்கிங்தான். தூக்கிப் போட்டுவிட்டு எண்ணெய் தடவி அடிக்கச் சொல்.

ரிக்வண்டி_திருச்செங்கோடு:
தம்பி, அதை எறிந்துவிடாதே! லிப் மடங்காமல் கிராங்கின் மேல் ஏற்றும் வழிகாட்டி அது. அதைக் கிராங்கில் வைத்து, அதன் மேலேயே சீலைத் தள்ள வேண்டும். 30 வருஷமாக இவர் எத்தனை வளையத்தைத் தூக்கிப் போட்டாரோ! கிராங்கைத் துடைத்தாயா?

சங்ககிரி ஸ்பேனர்:
எண்ணெய் தடவு தம்பி. ஒழுகினால் என் பட்டறைக்கு வா, கூலி வேண்டாம்.